போத்தலுக்குச் சூடு காட்டியவர்

எங்கள் டொக்டர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. தெற்கே காலிப் பக்கத்துச் சிங்களவர், நிதானமான மனிதர். அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரி வாட்டு நடுவில் நின்று, ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிய கையோடு "அம்மே!" என்று அலறி அதைக் கழற்றி எறிந்தார். கட்டிலில் கிடந்த கிழவர் தனக்குத்தான் ஏதோ முடிவு வந்துவிட்டது என்று நினைத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்.

நான் ஓடிப்போய் அதை எடுத்தேன். காதில் மாட்டும் முனை இரண்டும் சுட்டன. கதவோரம் அக்கா நின்றுகொண்டிருந்தார். முகத்தில் பயம் துளியும் இல்லை, கொஞ்சம் யோசனைதான் இருந்தது.

"நெஞ்சுல வைக்கிற பக்கத்தத்தான் மிஸ்ஸி கேத்தல் பக்கத்துல வச்சேன். தாத்தாவுக்கு ஜில்லுன்னு இருக்கக் கூடாதுன்னு. காதுப் பக்கம் எப்படிச் சுட்டுச்சுன்னு தெரியலையே" என்றார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன் வேலை பார்த்தவர். நோயாளியைத் தூக்குவது, துடைப்பது, தட்டுக் கழுவுவது, தரை துடைப்பது, இடையில் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது எல்லாம் அவர் பாடு. நான் அங்கே தாதி. தாதிமாரை ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி என்பார்கள். என்னைவிட அவர் மூன்று வயதோ நான்கு வயதோ மூப்பு, அவ்வளவுதான். நான் றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். அவர் அதைவிட உயரமான தோட்டத்துக்காரி. எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டு பேரும் நுவரெலியாப் பக்கத்து மேடு ஒன்றில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் ஒரே பகல் டியூட்டியில் மாட்டிக்கொண்டோம்.

அவருக்குக் குளிராது. இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நான் பல் அடித்துக்கொண்டு நிற்கும் காலையில், அவர் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பாட்டுப் பாடிக்கொண்டு துடைப்பார். ஆனால் இன்னொருத்தர் நடுங்குவதைப் பார்த்தால் அவருக்கு நிலை கொள்ளாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார். குளிரும் ஒரு வியாதிதான், அதற்கு மட்டும் எந்த டொக்டரும் மருந்துத் துண்டு எழுத மாட்டேன் என்கிறார்கள் என்பது அவருடைய நிரந்தரப் புகார். அதனால் அந்த வைத்தியத்தைத் தானே எடுத்துக்கொண்டார்.

போர்வையை மடித்துச் சுடுதண்ணிக் கேத்தல் மேல் வைப்பார். சோற்றுத் தட்டைச் சுடுதண்ணியில் அலசித்தான் சோறு போடுவார். நோயாளிக்கு நற்கருணை கொடுக்க வந்த பாதரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் விடாமல் மறித்து, "மொதல்ல இதப் பிடிங்க பாதர், கை ஐஸ் மாதிரி இருக்கு" என்று ஒரு கோப்பை தேத்தண்ணியைத் திணிப்பார். பாதர் அதைக் குடிக்கவும் கூடாது, பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கை சூடானதும் கோப்பையை வாங்கிக்கொண்டு வழி விடுவார். மேட்ரனுடைய சாவிக்கொத்தைக்கூட ஒருமுறை சூடு காட்டிக் கொடுத்து ஏச்சு வாங்கினார்.

பெட்பான் கதையைச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது. அப்போதெல்லாம் பெட்பான் எனாமலில் இருக்கும். மார்கழி மாதத்தில் அதன்மேல் உட்காருவது ஒரு தண்டனை. அக்கா காலையிலேயே அவற்றைச் சுடுதண்ணி ஊற்றி வைத்து, துடைத்துக் கொண்டுவருவார். நோயாளிகள் அவரை வாழ்த்துவார்கள். ஒரு நாள் ஒரு கண்டாக்கையா வந்து சேர்ந்தார். முப்பது வருடம் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் நின்று, விடியற்காலையில் ஆட்களை வரிசைப்படுத்தி வேலைக்கு விரட்டியவர். அவருக்கு மரியாதையாக அக்கா கொஞ்சம் கூடுதல் நேரம் சூடு காட்டிவிட்டார். ஐயா உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு வாட்டின் மறுபக்கம் போய் நின்றார். இடுப்புப் பிடித்துக்கொண்டு நடக்க முடியாது என்று சேர்த்திருந்த மனிதர் அவர்.

"எத்தன ஆயிரம் பேர வெரட்டியிருக்கேன். என்னைய வெரட்டினது நீதாம்மா" என்றார். வீட்டுக்குப் போகும்போது அக்காவுக்கு ஒரு கட்டு லீக்ஸ் அனுப்பிவைத்தார்.

ஏன் இப்படி என்று நாங்கள் கேட்காமல் இல்லை. கேட்ட ஆளுக்கு ஆள் ஒரு பதில் சொல்வார். என்னிடம், சின்ன வயதில் மழையில் நனைந்து கொழுந்துக் கூடைக்குள் படுத்துத் தூங்கிய கதையைச் சொன்னார். இன்னொரு மிஸ்ஸியிடம் அது ஒரு நேர்த்திக்கடன் என்றார். டொக்டர் கேட்டபோது சிங்களத்தில், "மாத்தயா, சூடாக இருக்கிற மனுசன் பொய் சொல்ல மாட்டான்" என்றாராம். டொக்டர் அதை இரண்டு நாள் யோசித்துவிட்டு அர்த்தம் புரியவில்லை என்று என்னிடம் வந்து கேட்டார். எனக்கும் புரியவில்லை. அவருக்கே புரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

எங்கள் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைக்கென்று ஓர் அறை புதிதாகத் திறந்தார்கள். நான்கு கட்டில், ஒரு ஒட்சிசன் உருளை, இதயத் துடிப்பைப் பச்சைக் கோடாகக் காட்டும் ஒரு பெட்டி. அதற்கு முன் அப்படிப்பட்ட நோயாளியைக் கண்டிக்குத்தான் அனுப்ப வேண்டும். அந்த வளைவுப் பாதையில் பாதிப் பேர் போய்ச் சேர மாட்டார்கள். அதனால் அந்த நான்கு கட்டிலில் எங்களுக்கு அவ்வளவு பெருமை. பகலில் அங்கே நானும் அக்காவும்.

முதல் வாரமே அக்கா ஒன்றைக் கண்டுபிடித்தார். சேலைன் அப்போது கண்ணாடிப் போத்தலில் வரும். ஸ்டோரில் கிடந்து அது ஓடைத் தண்ணி போல ஜில்லிட்டிருக்கும். அதைக் கையில் ஏற்றினால் நோயாளிக்குத் தோள் வரைக்கும் விறைத்துப் போகும். "உள்ளுக்குள்ளயே குளிர ஊத்துறீங்களே மிஸ்ஸி, இது நியாயமா?" என்று கேட்டார். எனக்கு நியாயமாகத்தான் பட்டது, வேறு வழி இல்லாததால். அவர் ஒரு எனாமல் பேசினில் சுடுதண்ணி ஊற்றி, போத்தல்களை அதில் படுக்க வைத்து, கதவுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் வைத்தார். சூடு போகாமல் மேலே துண்டு போட்டு மூடினார். எனக்கு வேலை மிச்சமாகட்டும் என்று போத்தலின் தகர மூடியை முன்கூட்டியே கழற்றியும் வைப்பார். நான் எடுத்து, ரப்பரில் ஊசியைக் குத்தித் தொங்கவிட வேண்டியதுதான். இரவு டியூட்டிக்காரர்கள் ஸ்டோர்ப் போத்தலை அப்படியே மாட்டுவார்கள். ரப்பரை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். ஞாபகம் இருந்தால் துடைப்பேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது. அக்கா ஒவ்வொரு முறையும் பேசினைக் கொட்டிக் கழுவி, கேத்தலைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, போத்தலை இறக்குவார். ஒரு நாள் அவசரத்தில் நான் எரிந்து விழுந்தேன். "ஏன்க்கா ஒவ்வொரு தடவையும் கொட்டுறீங்க? அதே தண்ணியில மேல கொஞ்சம் சுடுதண்ணி ஊத்துனா ஆகாதா?" அவர் ஒரு நிமிடம் தயங்கிவிட்டு, "சரிங்க மிஸ்ஸி" என்றார். அன்றிலிருந்து அந்தப் பேசினைக் கொட்டுவது நின்றது. சூடு குறையக் குறைய மேலே ஊற்றிக்கொண்டோம்.

அந்த வருடம் ஆனி மாத மழை தொடங்கியபோது காய்ச்சல் ஆரம்பித்தது. குடல் ஆபரேஷன் செய்து நன்றாகத் தேறிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று மத்தியானம் கட்டில் கிலுகிலுக்க நடுங்கினார். பிறகு காய்ச்சல் ஏறியது, இரத்த அழுத்தம் விழுந்தது, மறுநாள் போய்விட்டார். வயதானவர் என்று சொல்லிக்கொண்டோம். அடுத்து லொறி புரண்டு வந்த ஒரு இளைஞன் அதே மாதிரி நடுங்கி, எப்படியோ தப்பினான். பிறகு ஒரு பெண். அவள் இறந்தாள். நடுங்கிய ஒவ்வொருவருக்கும் டொக்டர் இரத்தம் எடுத்துக் கண்டிக்கு அனுப்பியிருந்தார். மூன்று பேருடைய இரத்தத்திலும் ஒரே கிருமி என்று பதில் வந்தது. தனித்தனியாக வந்த நோய் இல்லை, இந்த அறைக்குள் ஏதோ ஒன்று அதை இரத்தத்தில் விடுகிறது என்று டொக்டர் சொன்னபோது நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன்.

அக்காவின் கணக்கு வேறாக இருந்தது. "பாத்தீங்களா மிஸ்ஸி, எப்படி நடுங்குறாங்க? சூடு பத்தல" என்றார். காலையில் இரண்டு முறை ஊற்றிய சுடுதண்ணியை நான்கு முறை ஊற்றினார். இரண்டு போத்தல் படுத்திருந்த பேசினில் ஐந்து போத்தலைப் படுக்க வைத்தார். யார் அதிகம் நடுங்குகிறார்களோ அவர்களுக்கு நன்றாக ஊறிய போத்தலாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கிக் குத்தினேன்.

கண்டியிலிருந்து கிருமி ஆராய்ச்சிக்கென்று ஒரு டொக்டரம்மா வந்தார். குட்டையான உருவம், மெதுவான பேச்சு, எதையும் இரண்டு முறை கேட்கும் பழக்கம். பஞ்சு சுற்றிய குச்சியால் எங்கள் கைகளைத் தடவி எடுத்தார். குழாய், கழுவும் தொட்டி, ஒட்சிசன் போத்தல், ஊசித் தட்டு, தரை துடைக்கும் துணி எதையும் விடவில்லை. எல்லாரையும் கூப்பிட்டு என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தார். அக்காவையும் கூப்பிட்டார். தரை துடைக்கிறேன், கழுவுகிறேன் என்றார் அக்கா. பேசினைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. தேத்தண்ணி போடுவதைப் போல அதுவும் ஒரு அன்புக் காரியம், வைத்தியத்தில் சேர்த்தி இல்லை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். டொக்டரம்மாவின் குச்சி முக்காலியைத் தாண்டிப் போய்விட்டது. கண்டியில் சோதித்துப் பார்த்ததில் தேடிய கிருமி ஒன்றிலும் இல்லை என்று வந்தது.

ஆனால் அவர் ஒன்றைக் கவனித்தார். நடுக்கம் எல்லாருக்கும் பகலில்தான் தொடங்குகிறது. பகல் டியூட்டி யார் என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

இதற்கு நடுவில்தான் ராகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். இருபது வயது, முதல் பிரசவம். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தாயிற்று, ஆனால் இரத்தம் நிறையப் போய்விட்டது. குழந்தை பக்கத்து வாட்டில் நன்றாக இருந்தது. தாயைக் காப்பாற்ற வேண்டும் என்று இரண்டாம் கட்டிலில் போட்டார்கள். புருஷன்காரன் வாசலில் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். அக்கா அவளைப் பார்த்த நிமிடமே தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டார். "தாயி, நீ ஒண்ணும் யோசிக்காத. ஒனக்குக் குளிரவே விடமாட்டேன்" என்றார்.

இரண்டாம் நாள் அவளும் நடுங்கினாள். கண்டியிலிருந்து வந்த ஊசி மருந்தைப் போட்டோம். காய்ச்சல் கொஞ்சம் இறங்கும், அடுத்த போத்தல் பாதி ஏறும்போது மறுபடி நடுங்குவாள். "இந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகணுமே, திரும்பத் திரும்ப எங்கேயிருந்து வருது?" என்று டொக்டர் தன் தலையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் அவள் என்னை யாரென்று தெரியாமல் பார்த்தாள். இன்னும் ஒரு நாள் இப்படிப் போனால் பிழைக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான்காம் கட்டிலில் டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் முதலாளி இருந்தார். சீனி வியாதி, காலில் புண், ஆறு நாளாகச் சேலைன் ஏறுகிறது. அவருக்கும் அக்காவுக்கும் தினமும் வழக்கு. அக்கா சூடான போத்தலைக் கொண்டு போவார், அவர் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். "எனக்கு வாணாம் தங்கச்சி. உள்ளுக்கு எரியுது. பச்சத்தண்ணியாவே ஏத்துங்க. ஒங்கட அடுப்ப என்கிட்ட கொண்டு வராதீங்க." அக்காவுக்கு அது பெரிய அவமானம். ஸ்டோரிலிருந்து ஜில்லென்ற போத்தலை முறைத்துக்கொண்டே கொண்டுவந்து கொடுப்பார்.

அன்று காலை பத்து மணி இருக்கும். அந்தப் பிள்ளைக்குப் புதுப் போத்தல் மாட்டிவிட்டு நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"மிஸ்ஸி, முதலாளி ஏன் ஒரு நாளும் நடுங்கல?"

"அவருக்கு நல்ல தேகம்க்கா. போய் வேலையப் பாருங்க."

"சீனி வியாதிக்காரருக்கா நல்ல தேகம்? கால் அழுகிக் கெடக்கிறவருக்கு?" குரலைத் தணித்தார். "அவருக்கு மட்டுந்தான் மிஸ்ஸி நான் சூடு பண்ணல. நடுங்கின எல்லாருக்கும் பண்ணேன். செத்த தாத்தாவுக்குப் பண்ணேன். அந்த லொறிப் பையனுக்குப் பண்ணேன். அப்புறம் போனாங்களே அந்த அம்மா, அவங்களுக்குப் பண்ணேன். இந்தப் புள்ளைக்கு எல்லாரையும் விட அதிகமாப் பண்றேன்."

கதவுக்குப் பின்னால் போய்த் துண்டைத் தூக்கினேன். இரண்டு மாதமாகக் கொட்டாத தண்ணி. மேலே பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. விரலால் பேசினின் உட்பக்கத்தைத் தொட்டேன், வழவழவென்று வந்தது. அதில் ஐந்து போத்தலின் ரப்பர் வாயும் முழுகிக் கிடந்தன. எந்தக் கிருமியும் வெளியே இந்தக் குளிரில் சுருண்டு கிடக்கும், நாங்கள் அதற்கு வெதுவெதுப்பாகப் படுக்கை போட்டு, ஊசி வழியாகப் பாதையும் காட்டியிருக்கிறோம்.

ஓடிவந்து அந்தப் பிள்ளையின் சேலைனை நிறுத்தினேன். அது சரியான காரியம். அடுத்ததாக நான் சொன்னது சரியான காரியம் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் வெட்கமாக இருக்கிறது.

"கொட்டிருங்க அக்கா. இப்பவே கொட்டிக் கழுவிருங்க. இனிமே யாருக்கும் சூடு பண்ண வேணாம். போத்தல் சரியில்லன்னு சொல்லி நான் மாத்திக்கிறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

அக்காவுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தோட்டத்து ஆட்களுக்கு லேசில் கிடைக்காத பிரஜாவுரிமைக் கடுதாசி அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. அதைக் காட்டினால் அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை நினைத்துத்தான் சொன்னேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், நான் என்னை நினைத்துத்தான் சொன்னேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பேசினின் இரண்டு பக்கத்தையும் பிடித்தார்.

"கொட்டிட்டா டொக்டரம்மா எதப் பாத்து நம்புவாங்க?" என்றார். "அந்தப் புள்ளையோட குழாயி, ஊசி, ஒடம்புல குத்தியிருக்கிற எல்லாத்தையும் மாத்தணும்ல? அத நீங்களும் நானும் திருட்டுத்தனமா செய்ய முடியுமா?"

துண்டோடு, ஐந்து போத்தலோடு, ததும்பும் தண்ணியோடு பேசினைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். நீளமான நடை அது. ஒரு சொட்டுச் சிந்திவிடக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து வைத்துப் போனார். எதிரில் வந்தவர்கள் ஏதோ சத்திரசிகிச்சைச் சாமான் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டார்கள். டொக்டர்மார் அறைக் கதவைக் காலால் தள்ளினார். உள்ளே எங்கள் டொக்டரும் கண்டி டொக்டரம்மாவும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேசையில், ரிப்போட்டுகளுக்கு நடுவில், பேசினை வைத்தார்.

"இதுல குச்சி விட்டுப் பாக்கல நீங்க" என்றார் சிங்களத்தில். "இதுலயும் பாருங்க."

டொக்டரம்மா துண்டைத் தூக்கினார். தண்ணியைப் பார்த்தார், போத்தல்களைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். எங்கள் டொக்டர் எழுந்து இரண்டாம் கட்டிலுக்கு ஓடினார். அவர் ஓடியும் நான் அன்றுதான் பார்த்தேன். குழாயை, ஊசியை, எல்லாவற்றையும் கழற்றி எறிந்து, மறு கையில் புதிதாகப் போட்டு, ஸ்டோரிலிருந்து வந்த ஜில்லென்ற போத்தலைத் தானே மாட்டியதாகப் பிறகு சொன்னார்கள்.

நாங்கள் மூன்று பேரும் அறையில் நின்றோம். இப்படிச் செய்ய யார் சொன்னது என்று டொக்டரம்மா கேட்டார்.

"யாரும் சொல்லல. எனக்காத் தோணுச்சு. மிஸ்ஸிக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அக்கா.

"தண்ணியை எப்போது மாற்றுவாய்?"

"மாத்த மாட்டேன். எனக்குச் சோம்பேறித்தனம்."

சோம்பேறித்தனமாம். அந்த ஆஸ்பத்திரியில் அவரைவிட உழைத்த ஆள் கிடையாது. அவர் அப்படிச் சொன்னதும் எனக்குள் ஏதோ விட்டுப்போனது. அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"பொய்" என்றேன். "அவங்க ஒவ்வொரு தடவையும் கொட்டிக் கழுவுனாங்க. கொட்ட வேணாம், மேல ஊத்துங்கன்னு சொன்னது நான். எனக்கு அவசரம். ரப்பரைத் துடைக்காமக் குத்துனதும் நான்தான். இப்பக்கூட கொட்டச் சொன்னேன். தூக்கிட்டு வந்தது அவங்க."

அக்கா என் பக்கம் திரும்பி, தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "நான் ஒருத்தி அழகா முடிச்சு வச்சத இப்படிப் போட்டு ஒடைக்கிறீங்களே மிஸ்ஸி."

டொக்டரம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும் போல. சிரிப்பை அடக்குவது தெரிந்தது. பிறகு அந்தச் சிரிப்பும் போய்விட்டது. "நான் இந்த அறையில் மூன்று நாள் சுற்றினேன். கதவுக்குப் பின்னால் துண்டு போட்டு மூடியிருந்ததை நானும் தூக்கிப் பார்க்கவில்லை" என்றார். ஒரு நாற்காலியை இழுத்து அக்காவை உட்காரச் சொன்னார். டொக்டர்மார் அறையில் ஒரு அட்டெண்டன் உட்கார்ந்து நான் பார்த்தது அது ஒருமுறைதான். யாருக்கு, எந்த நாள், எந்த நேரம் சூடு செய்தாய் என்று கேட்டு எழுதிக்கொண்டார். எந்தச் சீட்டிலும் இல்லாத விவரம் அது. அக்கா விரல் மடக்காமல் ஒப்பித்தார். காய்ச்சல் சீட்டோடு வைத்துப் பார்த்தபோது ஒரு இடத்திலும் பிசகவில்லை. பேசின் தண்ணியில் அதே கிருமி என்று நான்கு நாள் கழித்து வந்த பதில் யாருக்கும் ஆச்சரியமாக இல்லை.

எனக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் கிடைத்தது. அக்காவின் நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போய் வந்தது. டொக்டரம்மாவின் அறிக்கையில் அவரைப் பற்றி 'ஓர் ஊழியர் முன்வந்து தெரிவித்தார்' என்று மட்டும் இருந்ததாம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டது அக்காதான். அதனால் நானும் போடவில்லை.

இறந்த இரண்டு பேரைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டார். "அவங்களுக்கு நல்லதுதான நெனச்சோம் மிஸ்ஸி?" நினைத்தது நல்லதுதான் அக்கா என்றேன். அந்த அறையில் அவர் பிறகு பாட்டுப் பாடவே இல்லை. மற்ற வாட்டுகளில் பாடுவார்.

அந்தப் பிள்ளைக்கு? பேசின் போன அன்று சாயந்தரம் கடைசியாக ஒருமுறை நடுங்கினாள். மறுநாள் நடுங்கவில்லை. அதற்கு அடுத்த நாள் காய்ச்சல் இறங்கி, என்னை அடையாளம் கண்டு, குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டாள். யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் என்றேன். இன்னும் மூன்று நாள் பொறுத்து அவளைப் பெண்கள் வாட்டுக்கு மாற்றினோம். அக்கா சும்மா இருக்கும்போதெல்லாம் அங்கே போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். கட்டிலைத் தொட மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அப்படி நின்று நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை.

வாட்டுக்கு மாற்றிய மறுநாள் காலை, வெளியே மூட்டம் போட்டு நல்ல குளிர். நான் மருந்து கொடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பிள்ளை அக்காவைப் பார்த்து, "அக்கா, குளிருது" என்றாள்.

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. ஓடிவந்து நெற்றியைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார், என் கையைப் பிடித்து இழுத்துத் தொட்டுப் பார்க்க வைத்தார். காய்ச்சல் இல்லை. சும்மா குளிர். மலையில் எல்லாருக்கும் இருக்கும் குளிர்.

"ஊர்க் குளிருதானா மிஸ்ஸி? நல்லாப் பாருங்க."

"ஊர்க் குளிருதான்க்கா."

அவர் முக்காட்டுத் துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு அங்கேயே அழுதார். பிறகு என்ன நினைத்தாரோ, விறுவிறுவென்று வெளியே போனார். கேத்தல் பக்கம்தான் போகிறார் என்று எனக்குப் பகீர் என்றது. தடுக்கப் போனேன். அதற்குள் திரும்பி வந்துவிட்டார். கையில் குழந்தை. சுற்றியிருந்த துணியைக் கொஞ்சம் தளர்த்தி, அதன் தாயின் நெஞ்சில் படுக்க வைத்து, போர்வையை இருவருக்கும் சேர்த்து இழுத்துவிட்டார். அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள். குழந்தை ஒருமுறை சிணுங்கி அடங்கியது.

அந்த நேரம் பார்த்து டொக்டர் வாட்டுக்குள் வந்தார். போர்வைக்குள் புடைத்திருந்த மூட்டையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவர் புருவம் மேலே போனது.

அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"இது தானா சூடா இருக்குங்க மாத்தயா. நான் ஒண்ணுமே செய்யல."